மூடி இருக்கா?

என் வீட்டுக்காரர் கட்டிய விமானத்தில் இரண்டு பொருள்கள் மட்டும் அவர் கையால் ஆனவை அல்ல. அவை பெட்ரோல் டாங்குகள். அவற்றைச் செய்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "சார் ஒத்த ஆளா உட்கார்ந்து ஒரு பிளேனே செஞ்சிட்டாரு" என்பார்கள். சாரும் அதைத் திருத்தமாட்டார், புன்னகையோடு தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

நான் பல்செட் செய்கிறவள். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருந்துகிற பல்வரிசையை நான் செய்து கொடுப்பேன். ஈறுக்கும் செட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால்கூட, அடுத்த வாரமே ஒரு பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்று திட்டுவார். அதனால் எங்கே இடுக்கைப் பார்த்தாலும் என் கை தானாக அதை அடைக்கப் போகும். முதல் டாங்கை அவர்தான் செய்தார். தகட்டை வளைத்தார், ரிவெட் அடித்தார், உள்ளே பசை பூசினார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் சல்லடை தோற்றது. "தள்ளுங்க" என்று சொல்லி நான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்த வேலைப் பக்கம் அவரை விடவில்லை.

அவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் 'ஏன் சார்'. தண்ணீர் கொதித்தால் ஏன் என்பார், கொதிக்காவிட்டாலும் ஏன் என்பார். சரியான விடை எழுதின பையனையும் எழுப்பி நிறுத்தி ஏன் என்று கேட்பார். வீட்டிலும் அதே கூத்துதான். "ஜன்னலைச் சாத்துங்க" என்றால் "ஏன்?" வரும். மழை உள்ளே வந்து பாய் நனைந்து கொண்டிருக்கும், அப்போதும் வரும். கல்யாணமான புதிதில் இந்த மனிதருக்கு எவ்வளவு யோசனை என்று மலைத்துப் போயிருக்கிறேன். இப்போதெல்லாம் பதிலே சொல்வதில்லை. நானே எழுந்து போய்ச் சாத்திவிடுகிறேன்.

விமானம் சின்னது, இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு உட்காரலாம். இறக்கைகள் தலைக்கு மேலே இருக்கும். அவற்றுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இடது டாங்க், வலது டாங்க். மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் இறங்குவதுபோல பெட்ரோல் தன் கனத்திலேயே என்ஜினுக்கு இறங்கிவரும். பம்ப் கிடையாது. இருக்கைகளுக்கு நடுவே ஒரு திருகு வால்வு. அதை இடது, வலது, நிறுத்து என்று மூன்று பக்கமும் திருப்பலாம். இவ்வளவுதான். இதற்குள் என்ன பெரிய சிக்கல் வந்துவிடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

சிக்கல் பெட்ரோலில் இல்லை, காற்றில் இருக்கிறது. பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் கைக்குழந்தையின் பால்புட்டி கதைதான். விடாமல் உறிஞ்சினால் ஒரு கட்டத்தில் ரப்பர் ஒட்டிக்கொள்ளும், புட்டி நிறையப் பால் இருக்கும், ஒரு சொட்டு வராது. அதற்காக ஒவ்வொரு டாங்கிலிருந்தும் சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய் கிளம்பி இறக்கைக்கு அடியில் எட்டிப் பார்க்கும். அதை நாங்கள் மூக்கு என்போம். டாங்க் மூச்சுவிடுகிற வழி.

வரைபடத்தில் இரண்டு மூக்குகளையும் சேர்க்கிற ஒரு குழாய் இருந்தது. கூரைக்குள்ளாகவே போய் இடதையும் வலதையும் இணைக்கும். ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றது இரண்டுக்கும் சேர்த்து மூச்சுவிடும். அவர் அதை வேண்டாம் என்றுவிட்டார்.

"ஏன்?" என்றேன். அவர் ஆயுதத்தை அவர் மேலேயே பிரயோகிப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

"தலையில இடிக்குது. கனமும் கூடுது. ஒவ்வொரு டாங்கும் தனியாவே என்ஜினுக்குத் தேவையானதைவிட ஜாஸ்தி குடுக்குது. அப்புறம் எதுக்கு?"

"வரைஞ்சவன் கிறுக்கனா?"

"அவன் குள்ளனா இருப்பான்" என்றார்.

சும்மா சொல்லவில்லை, செய்தும் காட்டினார். விமானத்தின் முகத்தைச் சரிவில் ஏற்றி, வானத்தில் ஏறும்போது எப்படி நிமிர்ந்திருக்குமோ அப்படி நிறுத்தினார். கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி டப்பாவுக்குள் விட்டார். இடது டாங்க் தனியாக, பிறகு வலது தனியாக. டப்பா தாராளமாக நிறைந்தது. அவர் கணக்கு சரி. அவரோடு குடும்பம் நடத்துவதில் உள்ள தொல்லையே இதுதான், அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கும். மூக்கு திறந்திருந்தபோது போட்ட கணக்கு அது என்பதை அன்றைக்கு இரண்டு பேருமே பேசவில்லை.

விமானத்தை வீட்டுக் கொட்டகையிலிருந்து ஓடுபாதைக்குக் கொண்டுபோன பிறகு குளவி வந்து சேர்ந்தது. அங்கே இருந்த தகரக் கொட்டகையில் மண்குளவிகள் ஏராளம். ஓட்டை எதுவாக இருந்தாலும் அதற்குள் மண்ணைக் கொண்டுவந்து அப்பிக் குடித்தனம் தொடங்கிவிடும். ஒருநாள் போய்ப் பார்த்தால் வலது மூக்கு சிமெண்ட் பூசினமாதிரி இருந்தது. கம்பியை விட்டுக் குடைந்து எடுத்தோம். அன்றைக்கு ராத்திரியே பல் அச்செடுக்கிற ரப்பரில் இரண்டு அடைப்பான்கள் வார்த்தேன். உள்ளே தள்ளினால் கச்சிதமாக உட்காரும், எறும்பு நுழையாது. பறப்பதற்கு முன்னால் பிடுங்கியாக வேண்டுமே, கண்ணில் படட்டும் என்று ஒவ்வொன்றிலும் முழ நீளத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினேன்.

மறுவாரம் பார்த்தால் ரிப்பனைக் காணோம். காற்றில் ஆடி ஆடிப் புதுப் பெயின்டைத் தேய்க்கிறதாம், கத்தரித்துவிட்டாராம். மிச்சமிருந்தது சாம்பல் நிற ரப்பர். இறக்கையின் அடிப்பக்கமும் சாம்பல் நிறம்.

"பெயின்டா உயிரா?" என்றேன்.

"பிடுங்காம யாரு பறக்கப்போறா? பக்கத்துலயே ரெண்டு பேரும் இருக்கோம்ல?" என்றார். நான் முறைத்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த வாரம் பதினோரு செட் பாக்கி இருந்தது, ரிப்பனுக்காகச் சண்டைபோட நேரமில்லை.

முதல்முறை பறக்கிற நாள் வந்தது. ஓடுபாதையைப் பார்த்துக்கொள்கிறவர் முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர், எல்லோரும் அவரை ஆம்புலன்ஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். புல் வெட்டுவார், காற்றின் திசை காட்டுகிற துணியைக் கட்டுவார், வாக்கி-டாக்கியில் பேசுவார். என்னைப் பார்த்ததும், "பயப்படாத தங்கச்சி, நான் இருக்கேன்ல" என்றார். ஆம்புலன்ஸ் ஓட்டினவர் வாயில் அந்த ஆறுதல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை பாவம்.

விடிந்ததிலிருந்து காற்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. காத்திருந்தோம். "காத்து அடங்கட்டும். அதுவரைக்கும் மூக்கை மூடியே வை, குளவி சுத்துது" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் ஏணியில் ஏறி, டாங்குகளில் குச்சியைவிட்டு அளந்து, மேலே பெட்ரோல் ஊற்றுகிற வாய்களின் மூடிகளை இறுக்கித் திருகிவிட்டு இறங்கினேன். இடது இறக்கையின் கீழே நிழல் இருந்தது, அங்கேயே நின்றேன். ஒரு குளவி வந்து என் அடைப்பானை முட்டிப் பார்த்தது. சுற்றிப்போய்த் திரும்ப வந்து முட்டியது. இடமில்லை போ என்று எனக்குள் சிரித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் காற்று அடங்கிவிட்டிருக்கிறது. அவர் அந்தப் பக்கம் வலது அடைப்பானைப் பிடுங்கி என் கருவிப் பையில் போட்டிருக்கிறார். இடது பக்கம் நிற்கிற நான் அந்தப் பக்கத்ததைப் பிடுங்கியிருப்பேன் என்று விட்டிருக்கிறார். நான் பார்க்கவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து சரிபார்க்கும் அட்டையை எடுத்திருக்கிறார். அதுவும் எனக்குத் தெரியாது. குரல் மட்டும் வந்தது.

"இடது மூடி இருக்கா?"

நான் அடைப்பானைப் பார்த்தேன். "மூடி இருக்கு!"

"கெட்டியா?"

"கெட்டியா இருக்குங்க. குளவியே அசந்துபோய் நிக்குது!"

சிரித்தார். அட்டையில் ஒரு டிக் போட்டிருப்பார்.

அந்தக் கேள்வியை இப்போது எழுதிப் பார்த்தாலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மேலே திருகுகிற மூடி இருக்கிறதா என்று அவர் கேட்டார். கீழே மூக்கு மூடி இருக்கிறது என்று நான் சொன்னேன். கேள்வியும் சரி, பதிலும் உண்மை. தமிழ் வாத்தியாரிடம் கொண்டுபோனால் இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் போடுவார்.

ஆம்புலன்ஸ் அண்ணன் கூப்பிட்டார். தீயணைப்பு உருளையை ஓடுபாதைக்கு அருகே தூக்கிவர ஒரு கை வேண்டுமாம். பையையும் எடுத்துக்கொண்டு போனேன். ஓடுபாதையின் முனையில் ஒருமுறை நிற்பார், அங்கே போய்க் கடைசியாக எல்லாவற்றையும் பார்ப்போம், அடைப்பான்களைப் பிடுங்குவோம் என்பது என் எண்ணம். கொட்டகையிலேயே எல்லாம் முடிந்தாயிற்று என்பது அவர் எண்ணம். என்ஜின் உறுமியது. விமானம் மெதுவாக ஊர்ந்துபோய்த் திரும்பியது. நான் உருளையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு புல்லில் தடுமாறிக்கொண்டிருந்தேன். நிற்பார் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

ஓடியது, வால் தூக்கியது, தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஏழு வருஷமாகக் கூடத்திலும் கொட்டகையிலும் தகடும் திருகாணியுமாகக் கிடந்த சாமான் அது. சோறு போடும்போது தட்டுக்குள் ரிவெட் விழுந்திருக்கிறது. அது இப்போது ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது. என்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்.

"அடேயப்பா! சார் சாதிச்சுட்டாரு!" என்று அண்ணன் கை தட்டினார்.

மூக்கைத் துடைக்கத் துணி எடுக்கலாம் என்று பையைத் திறந்தேன். துணிக்கு மேலே ஓர் அடைப்பான் கிடந்தது.

ஒன்று.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. அட, மனுஷன் மறக்காமல் பிடுங்கியிருக்கிறாரே! இன்னொன்றைத் தேடினேன். துணியை உதறினேன், பையைப் புல்லில் கவிழ்த்தேன். திருப்புளி, குறடு, பசைக் குழாய், அளவுக்குச்சி. இன்னொன்று இல்லை. குளவி முட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. "இடது மூடி இருக்கா?" என்ற குரல் ஞாபகம் வந்தது.

தரையில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் வால்வை இடதில் வைத்துத்தான் கிளம்புவார். உள்ளே இருக்கிற காற்று கொஞ்ச நேரத்துக்கு ஈடுகொடுக்கும். பிறகு டாங்குக்குள் வெறுமை கூடும். பெட்ரோல் இறங்காமல் தொங்கும். வேறு யாராவது செய்த டாங்காக இருந்தால் எங்காவது ஒரு இடுக்கில், ஒரு ரிவெட் ஓரத்தில், மூடியின் விளிம்பில் கொஞ்சம் காற்று கசிந்து உயிரைக் காப்பாற்றியிருக்கும். இது நான் செய்தது. எங்கும் கசியாது.

விமானம் ஓடுபாதையைத் தாண்டிக் குடியிருப்புக் கூரைகளுக்கு மேலே திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே என்ஜின் நின்றால் இறங்குவதற்கு ஒரு தெரு அகலம்கூட இல்லை. அண்ணன் கையிலிருந்த வாக்கி-டாக்கியைப் பிடுங்கினேன்.

"என்னங்க! இடது மூடி இருக்குங்க!"

கரகரப்புக்கு நடுவே அவர் குரல் உற்சாகமாக வந்தது. "தெரியுமே, அப்பவே சொன்னியே! இங்கேருந்து நம்ம வீடு தெரியுது!"

"அய்யோ, அந்த மூடி இல்லங்க! மூடி இருக்கு, மூடி! வலதுக்கு மாத்துங்க!"

"ஏன்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அடைப்பான் என்ற சொல்லோ, மூக்கு என்ற சொல்லோ அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. மூடி மூடி என்றே வந்தது. அவர் அங்கே விளக்கத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அப்போது என்ஜின் ஒருமுறை இருமியது. மறுபடி ஓடியது. மறுபடி இருமியது. பிறகு சத்தம் இறங்கிக்கொண்டே போய், காற்றை அறுக்கிற விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஓடுபாதையை ஒட்டின தெருவில் யாரோ ஒரு பெண்மணி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"டேய்!" என்றேன். "வலதுக்கு மாத்துடா! மாத்துடா டேய்!"

வாக்கி-டாக்கியில் பதில் இல்லை. ஏன் என்றுகூட வரவில்லை. விமானம் முகத்தைக் கீழே சாய்த்துக்கொண்டு கூரைகளை நோக்கி இறங்கியது. அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தில் "போடுங்க தொப்பிய!" என்று கத்தினேன். பயந்துபோய்ப் போட்டுக்கொண்டார்.

என்ஜின் ஒரு தும்மல் தும்மியது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு படபடவென்று பிடித்துக்கொண்டது.

கூரைகளின்மேல் தாழ்வாக வந்து, ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, ஓடுபாதையின் நடுவில் பொத்தென்று இறங்கி, இரண்டு குதி குதித்து நின்றது. நான் ஓடினேன். உருளையை இழுத்துக்கொண்டு அண்ணன் பின்னால் ஓடிவந்தார். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் நின்னுச்சு? டாங்க் பாதிக்கு மேல இருக்கு. ஏன் நின்னுச்சு?"

எனக்கு அவரை ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் இடது இறக்கைக்குக் கீழே நிறுத்தினேன். ரிப்பன் இருந்தால் ஒரே இழுப்பில் வந்திருக்கும். நகத்தால் நெம்பி நெம்பித்தான் எடுக்க முடிந்தது.

அடைப்பான் வந்ததும் டாங்க் மூச்சு இழுத்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று ஆரம்பித்த சத்தம், இப்போது நிற்கும் இப்போது நிற்கும் என்று பார்த்தால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. தலைக்கு மேலே தகடு ஓர் இடத்தில் 'டொக்' என்று உப்பி நிமிர்ந்தது. அதற்குப் பிறகும் இழுத்தது. தண்ணீருக்குள் மூழ்கி மேலே வந்த ஆள் அப்படித்தான் இழுப்பான். நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்துகொண்டு நின்றோம்.

அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் அண்ணன் எங்களைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் மேல் மூடியைத்தான் கேட்டேன்" என்றார் அவர்.

"நான் கீழே மூடி இருந்ததைத்தான் சொன்னேன்."

"ம்."

அடைப்பானை என் கையிலிருந்து வாங்கி, ரிப்பனைக் கத்தரித்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு மூக்கையும் சேக்கிற அந்தக் குழாயைப் போட்டுடலாம்" என்றார். "தலைல இடிச்சா இடிச்சிட்டுப் போகுது. குனிஞ்சுக்கறேன்."

நான் தலையாட்டினேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இருபத்திரண்டு வருஷத்துல என்னை 'டா' போட்டு நீ கூப்பிட்டதே இல்ல."

"அவசரத்துல வந்துடுச்சு. அண்ணன் வேற கேட்டுட்டாரு. மன்னிச்சுக்கோங்க."

"அதுக்குச் சொல்லல" என்றார். "அப்பவும் நீ 'மாத்துங்க'ன்னு சொல்லியிருந்தா, ஏன்னு கேட்டிருப்பேன்."

அதை அவரே சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

"தெரியுங்க" என்றேன்.